நாக்குச் சத்தம்

நாக்கு. பேட் இல்லை, பந்து இல்லை, நாக்கு. அவித்த கடலையை உரித்து உரித்து வாயில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறானே இந்தச் சாலமன், இவன் வாய்க்குள் கடலையைப் புரட்டிக்கொண்டிருக்கிற அதே நாக்கு. "உனக்கு இத்தனை வருசமா தெரியாதா மச்சான்? நிஜமாவா? நான்தான்ப்பா நாக்கைத் தட்டினேன். நீ திரும்பிக்கூடப் பாக்காம கிளம்பிட்டே. எங்க டீமே விழுந்து விழுந்து சிரிச்சுது" என்கிறான். சொன்னதோடு விட்டானா, தட்டியும் காட்டுகிறான். ட்ளக். அதே சத்தம். முப்பது வருசமாக நான் கண்ணை மூடினால் கேட்கிற சத்தம், பேட்டின் ஓரத்தைப் பந்து உரசிப் போன சத்தம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த சத்தம், இதோ கடலைத்தோல் ஒட்டிய உதட்டுக்குள்ளிருந்து சாவகாசமாக வருகிறது. எனக்குச் சிரிக்க வேண்டும் போலிருக்கிறது. சிரித்தும் விட்டேன் போல, ஏனென்றால் அவனும் சிரிக்கிறான், தொடையில் தட்டுகிறான், கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டுகிறான், நானும் எடுத்துக்கொள்கிறேன், என் விரல் தோலை உரிக்கிறது, யாருடைய விரலோ மாதிரி. காலுக்குக் கீழே கேலரியின் சிமெண்ட் படி ஆடுகிற மாதிரி இருக்கிறது. ஆடவில்லை. வெயில் அப்படியே இருக்கிறது, கோயமுத்தூர்க் கல்லூரி மைதானம் அப்படியே இருக்கிறது, நடுவில் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு என் மகள் கௌசிகா நிற்கிறாள், பல்கலைக்கழகங்களுக்கு இடையே பெண்கள் ஆட்டம், நாற்பதைத் தாண்டிவிட்டாள், எதிரே பந்தலுக்குக் கீழே மாநில அணிக்கு ஆள் எடுக்க வந்த மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், இன்றைக்கு நிலைத்து நின்றுவிட்டால் இவளை எடுக்காமல் இருக்க முடியாது, காலையிலிருந்து என் நெஞ்சு அதற்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. இப்போது எதற்காக அடிக்கிறது என்று அதற்கே தெரியவில்லை.

ஒரு நிமிசம். நிதானமாக யோசி சென்னியப்பா. இவன் பொய் சொல்கிறான். எதற்குச் சொல்லவேண்டும், இவனுக்கு என்ன லாபம், பேரத்தில் எவனும் லாபமில்லாமல் வாயைத் திறப்பதில்லை. பழைய ஆள், வயசாகிவிட்டது, தலை வழுக்கை, பக்கத்து மாநிலத்தில் அந்தக் காலத்துப் பெரிய கீப்பர், இப்போது எதிரணிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வயிறு வளர்க்கிறான், என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிப் பிடித்தான், "டேய் நடந்தவனே!" என்றான், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பந்து பேட்டில் பட்டது தனக்கே தெரிந்தால் அம்பயர் விரலைப் பார்க்காமல் தானாக வெளியேறுகிறவன், அதுதான் நடந்தவன், அந்தப் பெயர் எனக்கு அவ்வளவு பிடிக்கும். பிறகு உட்கார்ந்தான், கடலை வாங்கினான், சொன்னான். பொய் சொல்கிறவன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், பழைய டிராக்டர் வாங்கி விற்கிறவனுக்கு அது தெரியாவிட்டால் பிழைக்க முடியுமா, பொய் சொல்கிறவன் சொல்லி முடித்ததும் எதிராளி கண்ணைப் பார்ப்பான், விழுந்ததா இல்லையா என்று. இவன் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. பொட்டலத்துக்குள் சொத்தைக் கடலை தேடிக்கொண்டிருந்தான். இவனுக்கு இது ஒரு சங்கதியே இல்லை. அதுதான். அதுதான் தாங்கவில்லை. என் உசிரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முப்பது வருசம் அது அங்கே இருப்பதையே மறந்துவிட்டிருக்கிறான்.

அந்தப் பந்து. ஆஃப் ஸ்பின். குள்ளமாக ஒருத்தன், சட்டை பேண்ட்டுக்குள் நிற்காது அவனுக்கு. சாலமன் ஸ்டம்புக்கு ஒட்டி என் முதுகுக்குப் பின்னால் குந்தியிருந்தான், மூச்சு விட்டால் கேட்கும் தூரம். நான் நன்றாக ஆடிக்கொண்டிருந்தேன். என் மூன்றாவது ரஞ்சி ஆட்டம், அதுதான் கடைசி என்று அப்போது யாருக்குத் தெரியும், பல்கலைக்கழக அணிக்கு இரட்டைச் சதம் அடித்து, மாட்டுத் தரகன் பையன் ஒருத்தன் காட்டடி அடிக்கிறான் என்று மதராஸ் வரைக்கும் பேச்சுப் போய், கூப்பிட்டு அனுப்பி, முதல் இரண்டு ஆட்டத்தில் தடுமாறி, இந்த மூன்றாவதில் கால் தானாக நகர ஆரம்பித்திருந்தது, பந்து தேங்காய் அளவு தெரிந்தது, ஜெயிக்க இன்னும் கொஞ்சந்தான் பாக்கி, நான் நின்றால் ஜெயம். முன்காலை வைத்தேன். பந்து திரும்பாமல் நேராகச் சாலமன் கிளவுஸுக்குப் போனது. சத்தம் கேட்டது. பின்னால் "ஹவ்வீஸ்!" என்று அவுட் கேட்டுக் கத்தினார்கள். நான் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். அவ்வளவுதான். பெவிலியன் படியேறும்போது எதிரணிக்காரர்களே கை தட்டினார்கள். கை தட்டினார்கள்! இப்போதல்லவா தெரிகிறது எதற்குத் தட்டினார்கள் என்று. எங்கள் கேப்டன் கதவருகே நின்றான், பேர் வேண்டாம், செத்துப்போனான், "வாங்க மகாத்மா, வந்து காப்பி குடிங்க" என்றான். தோற்றோம். அதன்பிறகு எவனும் கூப்பிடவில்லை. இரண்டு வருசம் வெள்ளைப் பேண்டைத் துவைத்து மடித்து வைத்துக் காத்திருந்தேன், பிறகு அதே பேண்டைப் போட்டுக்கொண்டு பொள்ளாச்சிச் சந்தைக்கு அப்பனோடு போனேன், சாணியில் அது ஒரே நாளில் நிறம் மாறிப்போனது.

சந்தை. மாடு. ஐயோ. அட ஐயோ. மாட்டை எப்படிக் கிளப்புவார்கள்? நாக்கைத் தட்டித்தானே கிளப்புவார்கள். மேல் அண்ணத்தில் நாக்கை ஒட்டி எடுத்தால் ட்ளக், நின்ற மாடு நடக்கும். பேச்சு வருவதற்கு முன்னால் எனக்கு வந்த சத்தம் அது, தொட்டிலில் கேட்ட சத்தம், எங்கள் அப்பன் வீட்டுக்குள்ளே என்னைக் கூப்பிடுவதற்கே அப்படித்தான் தட்டுவான், "டேய் சென்னி"யெல்லாம் கிடையாது, ட்ளக், நான் ஓடுவேன். இந்த உலகத்தில் எவனுக்கு அந்தச் சத்தம் தெரியாமல் போனாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரிந்துதான் இருந்திருக்கிறது. காலுக்குத் தெரிந்திருக்கிறது. எவனோ ஒருத்தன் முதுகுக்குப் பின்னால் நாக்கைத் தட்டினான், தரகன் மகன் நடந்தான். மூக்கணாங்கயிறு கூடத் தேவைப்படவில்லை. நான் பெருந்தன்மையில் நடந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, மாடு நடந்திருக்கிறது, மாடு. இந்தச் சாலமன் கழுத்தைப் பிடித்துப் படியிலிருந்து உருட்டிவிட்டால் என்ன. கை உயர்கிறது கூட. உயர்ந்த கையில் அவன் இன்னும் நாலு கடலையை வைக்கிறான். "நல்லா முத்தின கடலை மச்சான், சாப்பிடு. உன் பொண்ணு சூப்பரா ஆடறா. எங்க ஆளுகளால அவளை அவுட்டாக்கவே முடியலை."

அந்த அம்பயர். சுந்தரேசன் என்று வயசான மனுசர், காதோரம் முடி நீளமாக வளர்ந்திருக்கும். ஆட்டம் முடிந்தபின் என்னைத் தேடி வந்தார். "தம்பி, எனக்கு ஒண்ணுமே கேக்கலை. நான் கையைத் தூக்கியிருக்கவே மாட்டேன். நீயே போயிட்டியேப்பா" என்றார். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அம்பயருக்கே கேட்கவில்லை, எனக்குக் கேட்டது, நான் நடந்தேன், அப்பேர்ப்பட்ட ஆள் நான் என்று. அவர் புகழ்ந்தார் என்று நினைத்தேன். அவர் புகழவில்லை. அவர் விசாரித்தார். அந்த "ப்பா"வில் ஒரு கேள்வி இருந்தது, இப்போது கேட்கிறது, எதுவுமே படாமல் ஏன்டா போனாய் என்று அந்த மனுசர் நாசூக்காகக் கேட்டிருக்கிறார், நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு "அது நம்ம பழக்கமுங்க ஐயா" என்று சொல்லியிருக்கிறேன். உண்மையை நானே என் வாயால் ஊர் முழுக்க ஒப்பித்திருக்கிறேன், முப்பது வருசம், எனக்கு மட்டும் அது காதில் ஏறவில்லை. பெண் பார்க்கப் போனபோது மாமனாரிடம் சொன்னேன், "அவுட்டுன்னு தானே ஒத்துக்கற மாப்பிள்ளை நாளைக்கு எம்பொண்ணுகிட்டப் பொய் சொல்ல மாட்டாரு" என்று அவர் அந்தக் கதைக்குத்தான் சாந்தாமணியைக் கொடுத்தார். யார்டில் டிராக்டர் பார்க்க வருகிறவனிடம் சொல்வேன், "ஏனுங்க, அம்பயர் குடுக்காத அவுட்டுக்கு நடந்தவனுங்க நானு, உங்ககிட்ட கியர் பாக்ஸ் கோளாறை மறைப்பனா?" அவன் முகம் இளகும். அந்தக் கதைதான் என் முதல். பேங்க்காரன் கொடுக்காத முதல். என் யார்டு, வீடு, சாந்தாமணி, அதோ நடுவில் நிற்கிற கௌசிகா, எல்லாம் இவன் நாக்கிலிருந்து முளைத்தவை. அப்படியென்றால் நான் இவனுக்கு நன்றி சொல்ல வேண்டுமா? அட போடா.

கையை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் எந்த என்ஜினையும் காதால் வாங்குவதில்லை. கெட்டி எண்ணெயை ஊற்றிச் சத்தத்தை அமுக்கிவிடுவார்கள், பூனை மாதிரி ஓடும், நாலாம் நாள் கக்கும். என்ஜின் மேல் உள்ளங்கையை வைப்பேன், நடுக்கம் சொல்லிவிடும். அதற்கு முன்னால் சந்தையிலும் அப்படித்தான், துண்டைப் போட்டு மூடி அதற்குள் கையும் கையும் பிடித்து விரலால் விலை பேசுகிறபோது வெளியே வாய் என்ன வேண்டுமானாலும் கூவும், "இந்த மாட்டை சும்மா குடுத்தாலும் வேண்டாமுங்க" என்று தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே விரலை இறுக்குவான், அந்த இறுக்கம்தான் நிஜம். சந்தையில் காதுக்கு வேலையே கிடையாது. எட்டு வயசில் துண்டுக்குள் கை விட்டவன் நான். பேட்டின் ஓரத்தில் பந்து இழைந்தால் கைக்குத் தெரியுமே, காதுக்கு முன்னாலேயே தெரியுமே, கைப்பிடி வழியாக ஏறி வந்து எங்காவது குத்துமே. அன்றைக்குக் குத்தியதா? யோசி. ஞாபகத்தில் சத்தம் இருக்கிறது. பின்னால் அவர்கள் கத்தியது இருக்கிறது. கால் நடந்தது இருக்கிறது, புல்லில் ஒரு ஈரத் திட்டைச் சுற்றிப் போனதுகூட இருக்கிறது. கை? கை இருக்கிற இடம் காலி. முப்பது வருசமாக அந்தப் படத்தை ஓட்டியிருக்கிறேன், ஒரு தடவை கூடக் கையைக் கேட்கவில்லை.

அட, இப்போது பந்து போட வருகிறவளும் ஆஃப் ஸ்பின். ஸ்டம்புக்கு ஒட்டி என் மகளின் முதுகுக்குப் பின்னால் குந்துகிற கீப்பர் பெண், ஒல்லியாக, வாயில் என்னவோ மென்றுகொண்டு, அவள் இவன் வளர்த்த பெண். ஒவ்வொரு பந்துக்கும் இவனைப் பார்க்கிறாள். இவன் தலையை ஆட்டுகிறான். "சாலமா" என்கிறேன், குரல் என் குரலாக இல்லை, "இந்தப் பொண்ணுக்கு என்னவெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கே?" அவன் திரும்பி என்னைப் பார்க்கிறான், முதல் தடவையாக நேராக. "எனக்குத் தெரிஞ்சது எல்லாம்தான் மச்சான்" என்கிறான். எல்லாம் என்றால்? "எல்லாம்னா எல்லாம்." சிரிக்கிறான். இது விளையாட்டா வெறுப்பேற்றலா, இந்தச் சிரிப்பை என்னால் பிரிக்க முடியவில்லை, எத்தனை தரகனைப் பார்த்தவன் நான், முடியவில்லை. கௌசிகா நடப்பவள். நான் அப்படி வளர்த்தேன். பதினோரு வயசில் தெருவில் ஆடும்போது பட்டதா இல்லையா என்று பையன்கள் சண்டை போட, நான் வீட்டு வாசல் கேட்டில் நின்று, "பட்டுச்சா? பட்டா நட" என்றேன். "அவுட்டுன்னு யாரும் சொல்லலீங்ப்பா" என்று அழுதாள். "யாரும் சொல்ல வேண்டாம், நட" என்றேன். நடந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டே நடந்தாள், எனக்கு அன்றைக்கு எவ்வளவு நெஞ்சு விரிந்தது, அப்படியே நான் போன மாதிரி போகிறாள் என்று. என்ன செய்து வைத்திருக்கிறேன். ஒரு நாக்குத் தட்டலுக்கு நடக்கிற கன்றுக்குட்டியைப் பழக்கி, நாக்குத் தட்டுகிறவள் முன்னால் கொண்டு வந்து கட்டியிருக்கிறேன், அதுவும் இன்றைக்கு, அந்த மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா? மைதானத்துக்குள் எப்படிப் போவது? தண்ணி கொண்டு போகிற பெண்ணிடம் சொல்லியனுப்பலாமா, என்னவென்று, காதை நம்பாதே என்றா, பைத்தியம் என்பாள். ஒரு பந்து. தடுத்தாள். சரி. இன்னொரு பந்து, தட்டிவிட்டாள், ஓட்டம் இல்லை. கீப்பர் பெண்ணின் தாடை அசைகிறது, மெல்லுகிறாளா தயாராகிறாளா. வெயிலில் கண் கரிக்கிறது. தோள் துண்டை எடுத்துத் துடைக்கிறேன். துடைத்து எடுக்கும்போது பந்து காற்றில் இருக்கிறது, கௌசிகா முன்காலை வைக்கிறாள், ஐயோ அதே கால், அதே நேர்ப் பந்து, பேட்டைத் தாண்டிப் போகிறது, ட்ளக்.

கேட்டது. இவ்வளவு தூரத்துக்குக் கேட்குமா? கேட்டது. மைதானத்திலிருந்து வந்ததா என் தலைக்குள்ளிருந்தா, பக்கத்தில் இவன் வாயிலிருந்தா, இவன் வாய் திறந்திருக்கிறது. கீப்பர் பெண் பந்தைத் தூக்கிப் போட்டுக் கத்துகிறாள், பதினோரு பேரும் கத்துகிறார்கள். அம்பயர் அம்மா அசையவில்லை. கை கீழேயே இருக்கிறது. கீழேயே இருக்கிறது, கொடுக்கவில்லை, கௌசிகா நில், நில்லு கண்ணு. அவள் பேட்டைக் கக்கத்தில் இடுக்குகிறாள். என்னைப் பார்த்துப் பழகிய இடுக்கல். திரும்புகிறாள். நடக்கிறாள். "நில்லு!" யார் கத்தியது? "கௌசீ, நடக்காதே! அது நாக்கு! அவ நாக்கைத் தட்டறா! நில்லு சாமி, அம்பயர் குடுக்கலை!" நான்தான். படிகளில் தாவி இறங்கிக்கொண்டிருக்கிறேன், செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது, பந்தலுக்குக் கீழே மூன்று தலையும் என் பக்கம் திரும்புகிறது, மைதானமே திரும்புகிறது. முப்பது வருசம் ஊர் முழுக்க நடந்தவன் நடந்தவன் என்று திரிந்த ஆள், சொந்த மகளை நடக்காதே என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு எல்லைக் கயிற்றில் இடறி விழப் பார்க்கிறேன். கௌசிகா நின்றுவிட்டாள். பாதி வழியில். அம்பயர் அம்மா அவளைப் பார்த்துக் கையை அசைக்கிறாள், வேண்டுமானால் திரும்பி வா என்கிற மாதிரி. கீப்பர் பெண் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். என் மகள் அம்பயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையை ஒரு தடவை ஆட்டினாள், இல்லை என்று, மறுபடி நடந்தாள், அவசரமில்லாமல், நேராக, நான் நிற்கிற இடத்துக்கு.

"எதுக்குங்ப்பா கத்துனீங்க? மானம் போகுதுங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. ஹெல்மெட்டுக்குள் முகம் சிவந்து வேர்வையில் ஊறியிருந்தது. "கண்ணு, அந்தச் சத்தம் பேட் இல்ல, அந்தப் பொண்ணு நாக்குல, இந்தச் சாலமன் இப்பத்தான் சொன்னான், எனக்கும் அன்னைக்கு அப்படித்தான்" என்று நான் என்னென்னவோ உளறினேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள், கோபம் இறங்கி வேறு ஏதோ வந்தது முகத்தில், காய்ச்சல்காரனைப் பார்க்கிற மாதிரி. "எந்தச் சத்தமுங்க? எனக்குச் சத்தமே கேக்கலீங்ப்பா" என்றாள். "அப்புறம் எதுக்குடி நடந்தே?" "பட்டுச்சுங்க. தெரியாதா? கையில தெரிஞ்சுதுங்க." வலது கிளவுஸைக் கழற்றினாள். என் கையைப் பிடித்தாள், வேர்த்து வழவழத்த கை, என் கட்டைவிரலுக்கு அடியில் சதை மேடாக இருக்கிற இடத்தில் தன் விரலை வைத்து, மெல்ல, துண்டுக்குள் தரகன் வைக்கிற மாதிரி ஒரு அழுத்து அழுத்தினாள். "இங்க. லேசா ஒரு சுருக்கு. அவ்வளவுதானுங்க. இன்னொரு மேட்ச் பாக்கியிருக்குது, அதுல பாத்துக்கறேன். நீங்க போய் உக்காருங்க, மொதல்ல அந்தச் செருப்பைத் தேடுங்க." பேட்டைச் சுழற்றிக்கொண்டு போய்விட்டாள். பந்தலில் ஒரு ஆள் இன்னொரு ஆள் காதில் என்னவோ சொல்வது தெரிந்தது, நல்லதா கெட்டதா, தெரியவில்லை, இரண்டு பேரும் அவள் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படியேறி வந்து உட்கார்ந்துவிட்டேன். சாலமன் பொட்டலத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, "இல்ல மச்சான், சத்தியமா, அதை நான் அவளுக்குச் சொல்லிக் குடுக்கவே இல்ல, சும்மா உன்னைச் சீண்டினேன்" என்கிறான், பயந்துவிட்டான் போல, என் தோளைத் தடவுகிறான். அவன் வாய் அசைவது தெரிகிறது. காதை அவன் பக்கமிருந்து எடுத்துவிட்டேன். அடுத்து வந்தவள் ஆட ஆரம்பித்துவிட்டாள், பந்து போகிறது வருகிறது. துண்டை மடியில் விரித்து, இரண்டு கையையும் அதற்குள் விட்டுக்கொள்கிறேன், இடது கையால் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலுக்கு அடியில், அவள் காட்டிய அதே இடத்தில் அழுத்துகிறேன். சொல்லு என்கிறேன். அந்த ஆஃப் ஸ்பின்னை மனசுக்குள் எடுத்துப் போடுகிறேன், சட்டை வெளியே தொங்க அந்தக் குள்ளன் ஓடி வருகிறான், முன்காலை வைக்கிறேன், பந்து தாண்டுகிறது, இப்போது சத்தமே இல்லை, சத்தத்தை வெளியே விட்டுவிட்டேன், துண்டுக்குள் கை மட்டும்தான். அழுத்துகிறேன். இன்னொரு தடவை. கை ஒன்றும் சொல்லவில்லை. அது அன்றைக்கும் ஒன்றும் சொல்லியிருக்காது.